சின்னப் பிளாஸ்டிக் குடிலில் நாற்றும் காய்கறியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையகல இடத்தில் நாலு குழாயை வளைத்து மேலே பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தி, அதற்குள் நாற்று விட்டுக் காய் பறிக்கப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய வணிகக் குடில்களின் கணக்கு வேறு, அதை இங்கே இழுக்கவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் நீண்டுவிட்டது, சிலதற்கு இரண்டு வரியே போதுமாக இருந்தது.

குடில் என்றால் செடிக்குச் சூடு கொடுக்கிற பெட்டி, அவ்வளவுதானே?

பாதி சரி. வெயில் உள்ளே வந்து மண்ணையும் செடியையும் சுடவைக்கிறது, அதைத் தொட்ட காற்று சூடாகி மேலே போகப் பார்க்கிறது, ஷீட் தடுத்துவிடுகிறது. பகலில் குடில் கொதிப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் காற்று அடைபட்டுக் கிடப்பதுதான். 1909-ல் ஆர்.டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடியும் இன்னொன்றுக்கு வெப்பக் கதிரைத் தடுக்காத பாறை உப்பு மூடியும் போட்டு வெயிலில் வைத்துப் பார்த்தார், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. மூடி எதனால் ஆனது என்பதை விட மூடியிருக்கிறதா என்பதுதான் பெரிய விஷயம்.

இரவில் கதை மாறுகிறது. சாதாரணப் பாலித்தீன் மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் உள்ளே வெளியை விட ஒரு டிகிரி குறைவாகக் கூட இருக்கலாம். ஷீட்டின் உள்பக்கம் படியும் நீர்த்துளிகள் அந்தக் கதிரைக் கொஞ்சம் மறித்துக் காப்பாற்றும். ஆக, பகலில் வேண்டாத அளவு சூடு, இரவில் எதிர்பார்த்த அளவு சூடு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு உங்களுக்கே பதில் தெரிந்துவிடும்.

எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்?

இடம் விடுகிற அளவுக்கு, ஆனால் உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நடுவில் நிமிர்ந்து நிற்க முடியாத குடிலுக்குள் நாலு நாளுக்கு மேல் யாரும் ஆசையாகப் போகமாட்டார்கள், போகாத குடிலில் பூச்சிதான் வளரும். இன்னொன்று, குடில் சின்னதாக ஆக அதன் வெப்பநிலை தாறுமாறாக ஏறி இறங்கும். உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம், வெயில் படும் பரப்போ நிறைய. அலமாரி மாதிரி நாலு தட்டு வைத்து ஜிப் போட்டு மூடுகிற குடில்கள் இதில் படுமோசம். மூடி வைத்துவிட்டுப் போனால் நல்ல வெயிலில் அரை மணி நேரத்தில் நாற்று வெந்துவிடும். நான் ஒருமுறை காலையில் ஜிப்பைத் திறக்க மறந்துவிட்டு வெளியே போய் மதியம் திரும்பினேன். இரண்டு தட்டுத் தக்காளியும் வேகவைத்த கீரை மாதிரி மடிந்து கிடந்தன.

எந்த ஷீட் வாங்குவது? கடையில் கிடைக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் போதாதா?

ஒரு பருவத்துக்கு மட்டும் என்றால் போதும். அதற்குள்ளேயே வெயிலில் காய்ந்து முறுமுறுவென்று உடைய ஆரம்பித்துவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி பதப்படுத்திய 200 மைக்ரான் ஷீட் என்று கேட்டு வாங்கினால் மூன்று நான்கு வருடம் ஓடும். பாலித்தீனில் குடில் போடும் யோசனையே சிக்கனத்தில் பிறந்ததுதான்: 1948-ல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எமரி எம்மர்ட் கண்ணாடிக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக் காட்டினார். அதனால் சிக்கனம் தப்பில்லை, ஷீட்டில் மட்டும் காட்டாதீர்கள்.

ஷீட் முதலில் கிழிவது நடுவில் அல்ல, சூடான இரும்புக் குழாயில் உராயும் இடத்தில்தான். குழாய்க்கு வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், இல்லை பழைய துணியைச் சுற்றுங்கள். வெதுவெதுப்பான நாளாகப் பார்த்து ஷீட்டை இழுத்துக் கட்டுங்கள். குளிரில் கட்டினால் வெயில் வந்ததும் தொங்கிப்போகும், தொங்கும் இடத்தில் மழைநீர் குளம் கட்டும், அப்புறம் காற்றில் படபடவென்று அடித்துக் கிழியும். உள்ளே கந்தகம் தெளிப்பதும் ஷீட்டின் ஆயுளைக் குறைக்கும், இது பலருக்குத் தெரிவதில்லை.

எந்த இடத்தில் வைப்பது?

ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடம், மழைநீர் தேங்காத இடம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கம். மரத்தடி வேண்டாம். சுவரை ஒட்டி அழகாக ஒளித்து வைத்தால் காற்று வராது.

காற்றோட்டம் எவ்வளவு வேண்டும்? எப்போது திறந்து எப்போது மூடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். குடில் வைத்திருப்பவரின் வேலை தண்ணீர் ஊற்றுவதோ உரம் போடுவதோ அல்ல, திறந்து மூடுவதுதான். வெயில் ஏறுவதற்கு முன்பே திறக்க வேண்டும். உள்ளே 25 டிகிரியைத் தொடும்போது ஏதாவது ஒரு வழி திறந்திருக்க வேண்டும், 30-ல் எல்லாமே திறந்திருக்க வேண்டும். 35-ஐத் தாண்டி நின்றால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். நாற்றுக்கும் அது நல்லதில்லை.

தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்காவது திறப்பு இருக்கட்டும். 5 சதுர மீட்டர் குடில் என்றால் 1 சதுர மீட்டர். ஒரு பக்கம் மட்டும் கதவு வைத்துவிட்டுக் காற்று வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை, இரண்டு முனையிலும் திறப்பு வேண்டும். கூரையின் உச்சிக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது, சூடான காற்று அங்கேதான் போய் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டு ஷீட்டை ஒரு குழாயில் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சுருட்டி ஏற்றும் ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது, செலவும் குறைவு. பகலில் வீட்டில் ஆள் இல்லை என்றால் மெழுகு உருளை வைத்த தானியங்கித் திறப்பான் கிடைக்கிறது. சூட்டில் மெழுகு விரிந்து கம்பியைத் தள்ளும், மின்சாரம் வேண்டாம். ஆனால் அது இலேசான, சட்டம் போட்ட மூடியைத்தான் தூக்கும், தொங்கும் ஷீட்டை அல்ல.

குளிர் காலமாக இருந்தாலும் பகலில் கொஞ்ச நேரம் திறந்தே ஆகவேண்டும், சூடு போய்விடுமே என்று பார்க்காதீர்கள். ஈரக் காற்று வெளியேறாவிட்டால் பூசணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். குளிர் ஊர்களில் வெயில் சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடினால் அன்றைய சூட்டில் கொஞ்சமாவது உள்ளே தங்கும்.

அப்புறம், ஒரு வெப்பமானி வாங்குங்கள், அன்றைய உச்சத்தையும் அடியையும் பதிந்து வைக்கிற வகை. செடி உயரத்தில் தொங்கவிட்டு அதன் மேல் வெயில் நேராகப் படாமல் ஒரு வெள்ளை அட்டையால் மறையுங்கள். இல்லாவிட்டால் அது காட்டுவது காற்றின் சூடல்ல, தன்னுடைய சூடு.

எங்கள் ஊரே வெக்கை. எனக்குக் குடில் தேவையா?

மூடிய குடில் தேவையில்லை. மேலே மட்டும் ஷீட், நாலு பக்கமும் வலை என்று போடுங்கள். அது மழைக்கும் பூச்சிக்கும் மறைப்பு, சூடேற்ற அல்ல. அடைமழையில் நாற்று அடித்துக்கொண்டு போகாமல் இருக்கவும் இலையில் ஈரம் நிற்காமல் இருக்கவும் அதுவே போதும். கடும் வெயில் நாட்களில் மேலே 50 சதவீத நிழல்வலை கட்டலாம். அதை உள்ளே கட்டாமல் ஷீட்டுக்கு வெளியே ஒரு அடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். உள்ளே கட்டினால் வெயில் முதலில் உள்ளே வந்துவிட்டது, வலை சூடாகி அந்தச் சூட்டையும் உள்ளேயே விடும். மேகமூட்டமான நாட்களில் வலையை எடுத்துவிட வேண்டும், மறந்தால் நாற்று நெட்டையாகப் போகும்.

நாற்றுக்கு என்ன கலவை? தோட்டத்து மண்ணையே போடலாமா?

குழித்தட்டில் தோட்டத்து மண் வேண்டாம். சின்னக் குழியில் அது இறுகிக் கட்டியாகும், கூடவே நோயையும் களை விதையையும் கொண்டு வரும். நான் போடுவது மூன்று பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு சலித்த மண்புழு உரம். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். முளைத்த நாற்று வளராமல் ஓரம் கருகி அப்படியே நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த உப்பைத்தான்.

கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரவேண்டும், ஒழுகக் கூடாது. அதுதான் ஈரத்தின் அளவு.

எவ்வளவு ஆழத்தில் விதைப்பது, எத்தனை நாளில் முளைக்கும்?

விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர், வெள்ளரி, பூசணி வகைகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு. லெட்யூஸ் விதைக்கு வெளிச்சம் பிடிக்கும், அதை மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். நல்ல சூட்டில் வெள்ளரி நாலைந்து நாளில் தலை தூக்கும், தக்காளி ஒரு வாரத்தில், கத்தரி சற்றுப் பிந்தி வரும். மிளகாய்க்குத்தான் பொறுமை வேண்டும்: 25 டிகிரியில் எட்டுப் பத்து நாளில் வருவது, 15 டிகிரியில் மூன்று வாரத்தையும் தாண்டி இழுக்கும்.

விதைத்துப் பத்து நாளாயிற்று, ஒன்றுமே வரவில்லையே?

தோண்டிப் பாருங்கள், ஒன்றிரண்டு விதை போனால் போகட்டும். விதை கெட்டியாக அப்படியே இருந்தால் சூடு போதவில்லை, இன்னும் காத்திருக்கலாம். கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் அதிகம். விதையே இல்லை என்றால் எலியோ எறும்போ. முளை விட்டுக் காய்ந்திருந்தால் ஒரு நாள் மேல்பரப்பு காய்ந்ததே போதும், அது அங்கே முடிந்துவிட்டது. சில விதைகள் அதிகச் சூட்டில் தூங்கும், லெட்யூஸ் 30 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் முளைக்காது. பழைய விதையாகவும் இருக்கலாம். தக்காளி விதை நாலு வருடம் தாங்கும், வெங்காய விதையை அடுத்த வருடமே நம்ப முடியாது.

நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடுகிறது, ஏன்?

வெளிச்சம் குறைவு, சூடு அதிகம், நெருக்கம். பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும். முளைத்த அன்றே தட்டை வெளிச்சமான இடத்துக்கு மாற்ற வேண்டும், இரண்டு நாள் தாமதித்தாலே நெட்டை விழுந்துவிடும். ஒரு குழியில் இரண்டு மூன்று முளைத்திருந்தால் ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். மனசு வராதுதான், எனக்கும் முதல் வருடம் வரவில்லை, கடைசியில் எல்லாமே நோஞ்சானாக நின்றன.

தினமும் இரண்டு முறை நாற்றின் நுனிகளை உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுங்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் காற்றில் ஆடுகிறோம் என்று செடி எடுத்துக்கொண்டு தண்டைக் குட்டையாக, தடிமனாக ஆக்கும். ஏற்கெனவே நெட்டையான தக்காளியை விதையிலை வரை ஆழப் புதைத்து நடலாம், தண்டிலிருந்து வேர் விடும். இதை வெள்ளரியில் செய்யாதீர்கள், தண்டு அழுகும்.

நேற்று வரை நன்றாக நின்ற நாற்று இன்று அடித்தண்டில் மெலிந்து விழுந்துவிட்டது.

நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற பூசண வகைகள் செய்யும் வேலை. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது, அந்தக் குழிகளைச் சுற்றியிருப்பதோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். மிச்சத் தட்டைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, மேல்பரப்பு காயும் வரை தண்ணீர் வேண்டாம். அடுத்த முறை தட்டைக் கழுவிக் காயவைத்து, புதுக் கலவை போட்டு, விதையை டிரைக்கோடெர்மா (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) பொடியில் புரட்டி விதையுங்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் பத்தில் எட்டு முறை இது மாலையில் ஊற்றிய தண்ணீராலும் அடைத்த புழுக்கத்தாலும் வருவது, எந்தப் பொடியும் அதற்கு ஈடாகாது.

தண்ணீர் எப்போது, எவ்வளவு?

காலையில். தட்டைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்திருந்தால் ஊற்றுங்கள், கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பூவாளியின் துளை பெரிதாக இருந்தால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும், அதனால் முளைக்கும் வரை ஒரு அகலத் தட்டில் ஒரு விரல் தண்ணீர் விட்டுக் குழித்தட்டை அதில் கால் மணி நேரம் வைத்து எடுப்பது நல்லது. விதையிலைக்குப் பிறகு வரும் நிஜ இலை இரண்டு வந்த பிறகு வாரம் ஒருமுறை, 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள) கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம். அதற்கு முன் உரம் எதுவும் தேவையில்லை.

நாற்றை எப்போது வெளியே நடலாம்?

தக்காளி 25 முதல் 30 நாள், கத்தரி ஒரு மாதத்துக்குச் சற்று மேல், மிளகாய் 35 முதல் 40, முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் 25 முதல் 30, வெள்ளரி வகைகள் 12 முதல் 15 நாள். வெள்ளரி வகைகளை அதற்கு மேல் தட்டில் வைத்தால் வேர் சுருண்டு பிறகு எழும்பாது, அவற்றுக்குப் பெரிய குழி உள்ள தட்டும் வேண்டும். குடில் குளிர்ந்திருந்தால் எல்லாவற்றுக்கும் சில நாள் கூடும்.

நேராகக் குடிலிலிருந்து வயலுக்குக் கொண்டு போகாதீர்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் பழக்க வேண்டும்: முதல் நாள் நிழலில் இரண்டு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில், கடைசியில் இரவும் வெளியே. தண்ணீரையும் சற்றுக் குறையுங்கள். பிளாஸ்டிக்குக்குக் கீழே வளர்ந்த இலை மெல்லியது, நேர் வெயிலில் ஒரே மதியத்தில் வெளுத்துக் காகிதமாகிவிடும். நடவை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காய்களைக் கடைசி வரை உள்ளேயே வளர்க்கலாம்?

தக்காளி, குடமிளகாய், மிளகாய், வெள்ளரி, கீரைகள். கொடியாக ஏறும் தக்காளியைக் கயிற்றில் கட்டிப் பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்றினால் சின்ன இடத்திலும் நிறையக் காய்க்கும். பூசணி, சோளம் எல்லாம் இடத்தைத் தின்னும். கேரட்டும் முள்ளங்கியும் நேராக மண்ணில் விதைக்க வேண்டியவை, அவற்றுக்குக் குடில் வீண். என்னைக் கேட்டால் சின்னக் குடிலின் நல்ல பயன் நாற்றுதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு தோட்டத்துக்கே வேண்டிய நாற்றை விட்டுவிடலாம், அதே இடத்தில் நாலு தக்காளிச் செடிதான் நிற்கும்.

பூ நிறைய, காய் இல்லை.

உள்ளே காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. தக்காளியின் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஆனால் யாராவது உலுக்க வேண்டும். முற்பகலில் இருந்து மதியத்துக்குள், ஈரம் காய்ந்த நேரத்தில், பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டுங்கள். வணிகக் குடில்களில் இதை ஆட்கள் அதிரும் கருவி வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள், 1987-ல் பெல்ஜியத்தில் பம்பிள் தேனீயை வளர்த்து விற்க ஆரம்பித்த பிறகுதான் அந்த வேலை குறைந்தது. வெள்ளரியில் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண் பூவுக்குள் தடவ வேண்டும், பின்னால் குட்டிப் பிஞ்சு இருப்பது பெண் பூ. மகரந்தம் இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகங்களும் உண்டு, குடிலுக்கு அவைதான் வசதி.

சுண்டியும் காய்க்கவில்லை என்றால் வெப்பமானியின் உச்ச அளவைப் பாருங்கள்.

தக்காளியின் அடிப்பாகம் கருத்து அமுங்குகிறது.

நோயல்ல, காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தும் வரும், ஏனென்றால் அது தண்ணீரோடுதான் பயணிக்கிறது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றும் பழக்கத்தை நிறுத்தி, மூடாக்குப் போட்டால் புதுக் காய்கள் சரியாக வரும்.

மழை படாத இடத்தில் பூச்சி எப்படி வந்தது?

மழை படாததால்தான். வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன், சிவப்புச் சிலந்திப்பேன் எல்லாவற்றுக்கும் சூடான, மழை அடிக்காத, எதிரிப் பூச்சிகள் நுழையாத வீடு சொர்க்கம். திறப்புகளில் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை கட்டினால் வெள்ளை ஈ நிற்கும், ஆனால் வலை காற்றையும் குறைக்கும், அதனால் திறப்பை இன்னும் பெரிதாக வைக்க வேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடி நுனிக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள், அது பூச்சியை ஒழிக்காது, வந்திருக்கிறது என்று சொல்லும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் இரண்டு முறை திருப்பிப் பாருங்கள். ஆரம்பத்திலேயே கண்டால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும், லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் அடிப்பதும் போதும். மூடிய குடிலுக்குள் வெயிலில் எண்ணெய் அடித்தால் இலை கருகும்.

இரண்டாம் வருடம் விளைச்சல் குறைந்துவிட்டதே?

மண்ணைப் பாருங்கள், மேலே வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா? வெளியே மழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும், உள்ளே அதற்கு வழியில்லை, நீங்கள் போட்ட உரத்தின் மிச்சமெல்லாம் அங்கேயே சேர்கிறது. ஷீட்டை மாற்றும் சமயத்தில் ஒரு மழைக்காலம் திறந்தே விடுங்கள், முடியாவிட்டால் வடிகால் உள்ள பாத்தியில் நிறையத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. கடும் வெயில் காலத்தில் மண்ணை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் ஷீட்டால் மண்ணோடு ஒட்ட மூடி, ஓரங்களைப் புதைத்து நாலு முதல் ஆறு வாரம் விட்டால் பெருமளவு குறையும். கருப்பு ஷீட் இதற்குச் சரிவராது. அடுத்து அதே இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம்.

இரவுக் குளிருக்கு என்ன செய்யலாம்? உள்ளே கரி மூட்டி வைக்கலாமா?

கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உள்ளே நுழைபவர் உயிருக்கே ஆபத்து, எரியும்போது வரும் எத்திலீன் பூவையும் உதிர்க்கும். அதற்குப் பதில் கருப்பு அடித்த பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வெயில் படும் பக்கம் வையுங்கள். 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரி ஆறும்போது ஒரு கிலோவாட் ஹீட்டரை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டிய அளவு வெப்பத்தை விடும், அதுவும் இரவு முழுக்க நிதானமாக. நாற்றுக்கு மேல் மட்டும் உள்ளே இன்னொரு மெல்லிய துணியைப் போர்த்தினால் இன்னும் ஓரிரண்டு டிகிரி கிடைக்கும், காலையில் எடுக்க மறக்காதீர்கள்.

பலத்த காற்று வந்தால்?

ஷீட்டின் ஓரத்தை ஒரு அடி ஆழக் குழியில் போட்டு மண் தள்ளிப் புதைத்திருந்தால் பாதிக் கவலை இல்லை. குழாய்களைத் தரையில் அரை மீட்டராவது இறக்கி, மேலே குறுக்காகக் கயிறு போட்டுக் கட்டுங்கள். காற்று அடிக்கும்போது திறப்புகளை மூடிவிட வேண்டும், அடிக்கும் பக்கம் மட்டும் திறந்திருந்தால் குடில் பாய்மரம் மாதிரி எழும்பும். புயல் என்று உறுதியாகத் தெரிந்தால் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டிவிட்டு நாற்றுத் தட்டுகளை வீட்டுக்குள் கொண்டு போய்விடுங்கள், இரண்டு நாள் இருட்டில் இருந்தால் கொஞ்சம் வெளுக்கும், சாகாது.

ஷீட் ஒரு இடத்தில் கிழிந்துவிட்டது, முழுக்க மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இரண்டு பக்கமும் துடைத்துக் காயவைத்து, உள்ளேயும் வெளியேயும் குடிலுக்கென்றே விற்கும் ஒட்டு நாடாவைப் போடுங்கள். சாதாரண நாடா வெயிலில் ஒரு மாதத்தில் உரிந்துவிடும். கையால் நசுக்கினால் ஷீட் சரசரவென்று நொறுங்குகிறது என்றால் மட்டும் மாற்றுங்கள்.